நாலு மாத்திரை

ஆனிக் காற்று பணகுடியைப் பிடித்து உலுக்குகிற மாசம்
கடையில் பாதி வியாபாரம் தும்மல்தான்.
ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டேன்.
குனிந்து எட்டிப் பார்த்தான் பலவேசம்,
மூக்கு நுனி செவ்வரளிப் பூ.
"யக்கா, தும்மலுக்கு நாலு மாத்திரை.
களக்காட்டுல தார் ஏத்தி
விடியுமுன்ன வடசேரிச் சந்தைக்குப் போவணும்."

பத்து மாத்திரை அட்டையில் நாலைக்
கத்தரி ஒரே கடியில் துண்டாக்கியது.
அட்டையின் முதுகில் எறும்பு ஊர்வதுபோல் இங்கிலீசு.
தூக்கம் வரலாம் என்கிற பாதி
என் டிராயரில் தங்கிவிட்டது.
வண்டி ஓட்டக் கூடாது என்கிற பாதி
அவன் சட்டைப் பைக்குள் போனது.
அவனுக்கு அந்தப் பாஷை தெரியாது.
எனக்குத் தெரியும்.

எட்டு ரூபாய். பத்து கொடுத்தான், சில்லறை இல்லை,
ரெண்டு ரூபாய்க்கு இருமல் மிட்டாய் வைத்தேன்.
கடிக்காதே, சப்பிச் சாப்பிடு
என்றுகூடச் சொன்னேன்.

ரெண்டை டீயோடு முழுங்கினானாம்.
மூக்கு திறந்ததாம், காற்று உள்ளே போக
எவ்வளவு சுகமாயிருந்தது என்றான்.
"கண்ணு தெறந்துதாங்கா இருந்துது.
வள்ளியூர்ப் பாலம் ஏறுனது தெரியும்.
பொறவு காத்தாடி மேல செவப்பு லைட்டு,
ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிக்கிட்டே வாரேன்.
நாலு ஞாபகமில்ல."

நாலாவது விளக்குக்கும் காவல்கிணறு விலக்குக்கும் நடுவே
ஆவரைகுளத்துச் சிதம்பரவடிவு
டிவிஎஸ் எக்செல்லில் போய்க்கொண்டிருந்தாள்,
பின்னால் ஈரத்துணியில் பொதிந்த பிச்சி மொட்டு,
தோவாளை ஏலத்துக்கு.

வாழைத்தாரும் பிச்சியும் ரோட்டில் இறைந்து கிடக்க
கல்யாண வீடாக்கும் என்று
பின்னால் வந்த பஸ்ஸில் யாரோ சொன்னார்களாம்.

ஊதச் சொன்னார்கள். ஊதினான். பூஜ்யம்.
மெஷினை உள்ளங்கையில் தட்டிவிட்டு
இன்னொரு தடவை. பூஜ்யம்.
ஏட்டையாவுக்கு ஏமாற்றம்.
"குடிக்கவும் இல்லங்க, உறங்கவும் இல்லங்க,
பின்ன, பேயா அடிச்சுதுலே?"
அதிவேகம், அஜாக்கிரதை என்று எழுதிக்கொண்டார்கள்.
நாற்பதில்தான் போனானாம்.
மாத்திரைக்கு அந்தக் காகிதத்தில் இடம் இல்லை.
மிச்சம் ரெண்டையும்
சீப்பு, பீடிக்கட்டு, இருமல் மிட்டாயோடு சேர்த்து
ஒரு கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்களாம்.

ஜாமீனில் வந்த மறுநாள்
கடைப்படியில் நின்று இதெல்லாம் சொன்னான்.
என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

இப்போது நான்தான் சொல்கிறேன்,
யார் தும்மினாலும், யார் சொறிந்தாலும்:
வண்டி உண்டுமா? ராத்திரி ஓட்டமா?
ஜேசிபிக்காரர் சிரிக்கிறார்,
"இத்தனூண்டு மாத்திரைக்கு உறங்குனா நம்ம பொழப்பு என்னாவும்?"
முதலாளி முறைக்கிறார்,
வியாபாரத்தைக் கெடுக்காதே, ஞானகனி.
பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற மிக்கேல் அண்ணன் மட்டும்
உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சநேரம் பார்த்தார்,
கண்ணாடி மேல் திருப்பி வைத்துவிட்டுத்
தும்மிக்கொண்டே படி இறங்கிப் போனார்.

அந்த ஆறு இன்னும் டிராயரில்தான்.
காலாவதிக்கு ஒன்பது மாசம் கிடக்கிறது.

நேற்று ஒரு பையன், பத்தொன்பது இருக்கும்,
ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினான்.
வலி மாத்திரை. கண்ணை இழுக்கும் ரகம்.
பேரைப் படிக்கவில்லை, பழக்கதோஷம்,
"தம்பி, இதப் போட்டுக்கிட்டு வண்டி எடுக்கக் கூடாது, என்னா?"

"அம்மைக்குக்கா" என்றான்.
"அவ இனி எங்க எடுக்க?"

சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
சிதம்பரவடிவு, 43, பெ.
ஆறு போதும் என்றான்.
கத்தரி கைக்குப் பக்கத்தில்தான் கிடந்தது.
முழு அட்டையாகக் கொடுத்து
ஆறுக்கு மட்டும் காசு வாங்கினேன்.

வாசலில் அவன் எக்செல்லை உதைத்தான்.
புதுசாகப் போட்ட முன்சக்கரம்.
காற்று அடங்கவில்லை.